அப்பாவின் லீவை அவசரப்பட்டுச் செலவழிக்காதீர்கள்

எங்கள் ஆபீசில் யாருக்காவது ஐந்தாம் மாதம் தொடங்கிவிட்டால், மதியச் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்சோடு என் பக்கத்து நாற்காலிக்கு வந்துவிடுவார்கள். இந்த விஷயத்தில் நான் பட்டம் ஒன்றும் வாங்கவில்லை. பிள்ளை பெற்று, லீவு முடிந்து, அதே நாற்காலிக்குத் திரும்பி வந்து, இன்னும் வேலையில் இருக்கிறேன். அதுவே தகுதியாகிவிட்டது போலிருக்கிறது. கேள்விகளும் ஏறக்குறைய ஒன்றுதான். லீவை எப்போதிலிருந்து போடலாம்? பாலுக்கு என்ன வழி? பிள்ளையை யார் பார்ப்பது? மேனேஜரிடம் என்ன பேசுவது?

யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. "எங்க வீட்டுக்காரர் லீவை எப்போ போடணும்?" அப்படி ஒரு கேள்வி இருப்பதாகவே நமக்குத் தோன்றுவதில்லை. பிரசவத்தன்று போடுவார், வேறெப்போது?

மற்றக் கேள்விகளுக்கும் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தது இந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான். என் பதில் இது: பிரசவத்துக்கு ஓரிரு நாள் போதும். மிச்சத்தை அவர் பத்திரமாக வைத்திருந்து, நீங்கள் வேலைக்குத் திரும்புகிற வாரத்தில் எடுக்கட்டும்.

முதலில் நம் கணக்கு

தனியார் வேலையில் இருக்கும் பெண்களுக்கு 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம்தான் நெடுங்காலம் ஆதாரமாக இருந்தது. அதில் 12 வாரமாக இருந்த விடுப்பை 2017 ஏப்ரல் 1 முதல் 26 வாரமாக உயர்த்தினார்கள். இப்போது அந்த விதிகள் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. சட்டத்தின் பெயர் மாறியதே தவிர வாரக் கணக்கு அப்படியேதான். பேறுகாலத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாளாவது வேலை பார்த்திருக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் இருந்தால் 26 வாரம் கிடையாது, 12 வாரம்தான்.

26 வாரம் என்றால் 182 நாள். ஞாயிறு, பொங்கல், தீபாவளி எல்லாம் அதற்குள் அடக்கம். அந்த ஞாயிறுகளுக்கும் சேர்த்துத்தான் சம்பளம் கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1977லேயே சொல்லியிருக்கிறது. கோவைத் தொழிலாளர் நீதிமன்றத்தில் தொடங்கி டெல்லி வரை போன, ஒரு எஸ்டேட் தொழிலாளிப் பெண்ணின் வழக்கு அது. ஏசி அறையில் உட்கார்ந்து லீவு விண்ணப்பம் நிரப்புகிற நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் பெண்ணுக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்று தெரியும்?

இந்த 26 வாரத்தில் அதிகபட்சம் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்னால் எடுக்கலாம். எட்டையும் எடுத்துவிட்டால் பிள்ளை பிறந்தபின் மிஞ்சுவது 18 வாரம், அதாவது நாலு மாதத்துக்குச் சற்று மேல். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாலு மாதப் பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறவளுக்கும், இட்லியை மசித்து ஊட்டத் தொடங்கிவிட்ட ஆறு மாதப் பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறவளுக்கும் கஷ்டம் ஒன்றல்ல. அதனால்தான் பலர் கடைசி வாரம் வரை வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் வருகிறார்கள். நானும் முடிந்தவரை வந்தேன். ஆனால் டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னால் இந்தக் கணக்கைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். கர்ப்பத்தாலோ பிரசவத்தாலோ வந்த உடல்நலக் கோளாறுக்கு, சான்று காட்டி மேலும் ஒரு மாதம் வரை சம்பளத்துடன் எடுக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. சிசேரியன் தையல் சீழ் பிடித்து அவதிப்பட்ட ஒரு தோழிக்கு அப்படி ஒன்று இருப்பதையே அவள் எச்ஆர் சொல்லவில்லை. சம்பளமில்லா விடுப்பில் போட்டுவிட்டார்கள்.

இஎஸ்ஐ வரம்புக்குள், அதாவது மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு, இதே 26 வாரப் பணத்தை முதலாளிக்குப் பதில் இஎஸ்ஐ கொடுக்கும். ஒப்பந்தப் பணியில் இருந்தாலும் உரிமை உண்டு. ஒப்பந்தக் காலம் நடுவில் முடிந்துவிட்டது என்பதற்காகப் பேறுகாலப் பலனை வெட்ட முடியாது என்று 2023ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தமிழக அரசு ஊழியர்கள் கொஞ்சம் கொடுத்து வைத்தவர்கள். 2021 ஜூலை 1 முதல் அவர்களுக்கு முழுச் சம்பளத்துடன் 12 மாதம். என் அக்கா அரசுப் பள்ளி ஆசிரியை. பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கிய பிறகுதான் பள்ளிக்குத் திரும்பினாள்.

அப்பாவுக்கு என்ன இருக்கிறது?

தனியார் நிறுவன ஊழியர் என்றால், சட்டப்படி ஒன்றும் இல்லை. கம்பெனி பார்த்து மூன்று நாளோ ஒரு வாரமோ கொடுத்தால் உண்டு. சில பெரிய நிறுவனங்கள் மாதக்கணக்கில் கொடுக்கின்றன, அது அவர்கள் மனசு. 2017ல் ராஜீவ் சாதவ் என்ற எம்.பி. மக்களவையில் தந்தையர் விடுப்புக்காகத் தனிநபர் மசோதா ஒன்று கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. 2023ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஒரு காவல் ஆய்வாளரின் வழக்கு வந்தது. மனைவியின் பிரசவத்துக்காகக் கேட்ட விடுப்பு மறுக்கப்பட்டு, பிரச்சினை பெரிதாகி நீதிமன்றம் வரை போனது. தந்தையர் விடுப்புக்குச் சட்டம் தேவை என்று உயர் நீதிமன்றம் அப்போது சொன்னது. அந்தச் சட்டம் இன்னும் வரவில்லை.

மத்திய அரசு ஊழியர்களுக்கு 15 நாள் விடுப்பு விதியிலேயே இருக்கிறது. அந்த விதியில் எனக்குப் பிடித்தது நாள்களின் எண்ணிக்கையைவிட அதை எடுக்கிற காலம். பிரசவத்துக்கு 15 நாள் முன்னாலிருந்து, பிள்ளை பிறந்து ஆறு மாதம் வரை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆறு மாதம்! அம்மாவின் 26 வாரம் முடிகிற சமயம் ஏறக்குறைய அதுதானே? விதி எழுதியவர் இதை நினைத்து எழுதினாரோ இல்லையோ, நாம் நினைத்துப் பார்க்கலாம்.

தாய்வீட்டில் மாப்பிள்ளைக்கு என்ன வேலை?

நம் வழக்கத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு. கையில் வளையலைப் போட்டு அம்மா வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். தலைப்பிரசவம் அங்கேதான். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ நல்ல நாள் பார்த்துப் பிள்ளையோடு கொண்டுவந்து விடுவார்கள். எனக்கும் அப்படித்தான், கோவில்பட்டியில். அம்மா, அம்மாச்சி, சித்தி, எதிர்வீட்டு அக்கா என்று வீடு நிறையப் பெண்கள். ஒருத்தர் பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்க, ஒருத்தர் காலில் போட்டுக் குளிப்பாட்ட, ஒருத்தர் சாம்பிராணி போட, எனக்குப் பூண்டுக் குழம்பும் கருவாடும் நேரத்துக்கு வரும்.

இந்தக் கூட்டத்தில் வேலூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ லீவு போட்டு வந்து இறங்குகிற மாப்பிள்ளை, கல்யாண வீட்டுச் சமையல்கட்டில் நுழைந்துவிட்ட விருந்தாளி மாதிரி. போகிறவர் வருகிறவருக்கெல்லாம் இடைஞ்சல். "நீங்க உக்காருங்க மாப்ள, காபி வருது." காபி வரும், முறுக்கு வரும். பிள்ளையைத் தூக்கினால் நாலு பேர் பதறிக்கொண்டு ஓடி வருவார்கள், "தலை, தலை, தலையைப் பிடிங்க." கடைக்குப் போய் மருந்து வாங்கி வருவார், பிறப்புச் சான்றிதழுக்கு அலைவார், போட்டோ எடுப்பார். பிறகு நெல்லை எக்ஸ்பிரசில் ஏறிப் போய்விடுவார். அவருடைய லீவும் அங்கே முடிந்துவிடும்.

அடுத்த சில மாதங்களுக்கு அவர் வீடியோ காலில் மட்டும் அப்பா. பிள்ளையோடு நாம் சென்னைக்கு வந்து சேரும்போது, நமக்குப் பிள்ளையின் ஒவ்வொரு அழுகையும் அத்துப்படி. அவருக்கு எல்லா அழுகையும் ஒன்று. "பசிக்குது போல, உன்கிட்டயே குடுத்துடறேன்" என்று கையில் கொடுத்துவிடுவார். அவர் மேல் தப்பு சொல்ல முடியாது, பழக ஒரு நாள்கூடக் கிடைத்ததில்லை. அந்த நிலையில் நம் லீவும் முடியும். அப்போது வீட்டில் பிள்ளையைத் தனியாகப் பார்க்கத் தெரிந்த ஒரே ஆள் காலை எட்டு மணிக்குப் பஸ் ஏறிப் போகப் போகிறாள்.

அந்தப் பள்ளத்தில் நாம் வழக்கமாக யாரை இறக்குகிறோம்? அம்மாவை. இல்லாவிட்டால் மாமியாரை. அறுபதைத் தொட்ட, முட்டிவலி மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் போடுகிற ஒருத்தரை. அவர் ஊரில் போட்டுவிட்டு வந்த வீடு, தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிற அப்பா, பால் கணக்கு, கோயில் கொடை எதுவும் யார் கணக்கிலும் வராது. அவருக்கு எந்தச் சட்டத்திலும் லீவும் இல்லை, சம்பளமும் இல்லை, ரீஜாயினிங் தேதியும் இல்லை. பாட்டிகள் ஆசையாகத்தான் வருகிறார்கள். ஆனால் ஆசையாக வருகிறவரை முழுநேர ஆளாக்கி, மகனோ மருமகனோ ஏழு மணிக்கு வந்து டிவி முன் உட்கார்வது நியாயம் ஆகாது.

நாங்கள் செய்தது

என் வீட்டுக்காரருக்கு அம்பத்தூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு வேலை. ஏழாம் மாதத்திலேயே அவருடைய எச்ஆரிடம் கேட்கச் சொன்னேன். "அப்பா லீவை எப்போதுக்குள் எடுக்க வேண்டும்?" அவர்கள் கொள்கையில் குழந்தையின் முதல் வருடத்துக்குள் என்று மட்டும்தான் இருந்தது. பிரசவத்துக்குச் சாதாரண விடுப்பில் வந்து பார்த்துவிட்டுப் போனார். அப்பா லீவையும், சேர்த்து வைத்திருந்த ஈட்டிய விடுப்பில் ஒரு பகுதியையும் ஒன்றாக்கி, நான் வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்து அவர் வீட்டில் இருந்தார்.

இதைச் சொன்னபோது அம்மாவுக்குத் தூக்கமே வரவில்லை.

"மாப்ள ஒத்தையில எப்படிடி பாப்பாரு? நான் வேணா இப்பவே வந்துடுறேனே."

"வேண்டாம்மா. அவர் லீவு முடியட்டும், அப்புறம் வா."

"நான் இருந்தா அவருக்கும் உதவியாத்தான இருக்கும்?"

"நீ இருந்தா அவரு ஒண்ணும் செய்ய மாட்டாரு. நீ செய்ய விடவும் மாட்ட."

அம்மா கொஞ்சம் சிரித்தாள், கொஞ்சம் கோபப்பட்டாள். மாமியார் நேரிடையாக ஒன்றும் சொல்லவில்லை. மகனுக்குப் போன் போட்டு, "ஆபீஸ்ல என்னப்பா சொல்வாங்க?" என்று மட்டும் கேட்டாராம். பக்கத்து பிளாட் மாமா இரண்டு நாள் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் வந்து விசாரித்தார், "சார் வீட்லயே இருக்கீங்களே, உடம்புக்கு ஏதாவது?" பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இவர் விளக்கம் சொல்ல, "ஓ, மேடம் வேலைக்குப் போறாங்களா" என்று இரக்கத்தோடு தலையாட்டிவிட்டுப் போனாராம்.

முதல் இரண்டு நாள் போன் அடித்துக்கொண்டே இருந்தது. பாலாடை எங்கே, எத்தனை மணிக்குத் தூங்குவான், மலம் பச்சையாக இருக்கிறதே பரவாயில்லையா? மூன்றாம் நாளிலிருந்து குறைந்தது. அந்த வாரக் கடைசியில் எனக்குத் தெரியாத ஒன்றை அவர் எனக்குச் சொன்னார்: சாயங்காலத் தூக்கத்திலிருந்து எழுந்ததும் பிள்ளையை உடனே தூக்கக் கூடாது, ஐந்து நிமிடம் தானாகக் கையைக் காலை ஆட்டிக்கொண்டு கிடப்பான், அப்போது தூக்கினால்தான் அழுவான். ஆறு மாதம் கூடவே இருந்த எனக்குத் தெரியாது. கேட்டதும் சந்தோஷமாகவும் இருந்தது, லேசாகப் பொறாமையாகவும் இருந்தது.

பிறகு அம்மா வந்தாள். வந்தபோது வீட்டில் ஏற்கெனவே பிள்ளை வளர்க்கத் தெரிந்த இன்னொரு ஆள் இருந்தார். காலைக் குளியலும் ராத்திரிச் சாப்பாடும் அவர் பொறுப்பு என்று ஆகிவிட்டிருந்தது. அம்மாவுக்கு மதியம் ஒரு மணி நேரம் காலை நீட்டிப் படுக்க முடிந்தது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போய் அப்பாவைப் பார்த்துவிட்டு வரவும் முடிந்தது. அவள் போன நாட்களில் நாங்கள் மாற்றி மாற்றி லீவு போட்டுச் சமாளித்தோம். இவரைத் தனியாகப் பிள்ளையோடு விட்டுவிட்டு வர எனக்குத் துளியும் பயம் இல்லை.

பாலும் பாலாடையும்

நாம் வேலைக்குத் திரும்புகிற வாரத்தில் அவர் லீவில் இருக்க வேண்டும் என்பதற்குப் பால் ஒரு பெரிய காரணம். அம்மாவின் வாசம் பக்கத்தில் இருந்தால் பல பிள்ளைகள் பாலாடையைத் தொடவே தொடாது. வேறொருத்தர் கொடுக்க வேண்டும், நாம் வீட்டிலேயே இருக்கக் கூடாது. அதனால் ரீஜாயின் தேதிக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே தினமும் ஒரு வேளையை அவர் கொடுக்கட்டும். நீங்கள் மாடிக்கோ கடைக்கோ போய்விடுங்கள். எங்கள் குழந்தை மருத்துவர் பாட்டிலே வேண்டாம், பாலாடையோ கரண்டியோ போதும் என்றார். கழுவுவதும் சுலபம். பால் பாட்டிலுக்கு விளம்பரம் செய்வதையே நம் நாட்டில் 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது என்றால் யோசித்துக்கொள்ளுங்கள்.

பீய்ச்சிய பாலை எவ்வளவு நேரம் வைக்கலாம்? அமெரிக்காவின் சிடிசி சொல்வது இது: 25 டிகிரிக்கு மிகாத அறையில் 4 மணி நேரம், பிரிட்ஜில் 4 நாள், ஃப்ரீசரில் ஆறு மாதம் வரை நன்றாக இருக்கும். முதல் வரியிலிருக்கும் 25 டிகிரியைக் கவனியுங்கள். சித்திரை வெயிலில் நம் வீட்டு அடுப்படி எங்கே, 25 டிகிரி எங்கே? அதனால் நான் வெளியே வைக்கிற பேச்சுக்கே இடம் வைக்கவில்லை. பீய்ச்சியதும் பிரிட்ஜ். கதவில் வைக்கக் கூடாது, திறந்து மூடுகிறபோதெல்லாம் சூடேறும், உள்ளே பின்பக்கம் தள்ளி வைக்க வேண்டும். டப்பாவில் தேதி எழுதி ஒட்டுங்கள், பழையதை முதலில் எடுங்கள். உறைந்த பாலை முந்தின நாள் ராத்திரியே பிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு இறக்கிவிட்டால் காலையில் இளகியிருக்கும். இளகியதை 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், திரும்ப உறைய வைக்கக் கூடாது. சூடாக்க மைக்ரோவேவ் வேண்டாம். வெந்நீர்க் கிண்ணத்தில் டப்பாவை வைத்தால் போதும். பிள்ளை குடித்து மிச்சம் வைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காமல் கொட்டிவிடுங்கள். கொட்டும்போது மனசு கேட்காதுதான்.

ஆபீசில் பீய்ச்ச இடம் கேளுங்கள். எங்கள் தளத்தில் தனி அறை கிடையாது. ஒரு சின்ன மீட்டிங் அறையை தினமும் இரண்டு வேளை என் பெயரில் போட்டு, கண்ணாடியில் காகிதம் ஒட்டித் தரச் சொன்னேன். தந்தார்கள். குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை, வழக்கமான இடைவேளை தவிரப் பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை தர வேண்டும் என்பது சட்டம். யாருடைய தயவும் இல்லை. கழிவறையில் நின்றுகொண்டு பீய்ச்ச வேண்டிய அவசியம் எந்தப் பெண்ணுக்கும் கிடையாது.

ஒருவேளை பால் வற்றிவிட்டால், டாக்டரைக் கேட்டு வேறு ஏற்பாடு செய்யுங்கள். அதற்காக அழுதுகொண்டு உட்காராதீர்கள். பால் கொடுத்தால்தான் தாய் என்று பேசுகிற சித்திகள் எல்லா வீட்டிலும் உண்டு. காதில் வாங்காதீர்கள்.

திரும்புகிற வாரம்

திங்கட்கிழமை சேராதீர்கள். வியாழக்கிழமை சேருங்கள். இரண்டு நாள் போய் வந்தால் சனி ஞாயிறு வந்துவிடும். என்னென்ன இடித்தது என்று பார்த்துச் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும்.

சேர்வதற்கு ஒரு மாதம் முன்பே மேனேஜருக்கு ஒரு மெயில் போடுங்கள். சேரும் தேதி, பால் இடைவேளை நேரம், மாலை எத்தனை மணிக்குக் கிளம்பியாக வேண்டும், மூன்றும் அதில் இருக்கட்டும். வேலையின் தன்மை இடம் கொடுத்தால், விடுப்புக்குப் பின் வீட்டிலிருந்து வேலை பார்ப்பதை இரு தரப்பும் பேசி முடிவு செய்துகொள்ளலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. 50 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும், நாளுக்கு நாலு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்து வர விட வேண்டும். பல கம்பெனிகள் வெளியே ஒரு காப்பகத்தோடு ஒப்பந்தம் போட்டுக் கணக்கை முடித்துவிடுகின்றன. அது எங்கே இருக்கிறது, மதியம் போய் வர முடியுமா என்று கேளுங்கள். கேட்கிறவர்கள் நாலு பேரானால் ஏற்பாடும் மாறும்.

விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்கவோ, வேலை நிபந்தனையை நமக்குப் பாதகமாக மாற்றவோ கூடாது. நேரடியாக அப்படிச் செய்கிறவர்கள் குறைவு. திரும்பி வந்த பிறகு "உங்க நல்லதுக்குத்தான்" என்று சொல்லி நல்ல பிராஜெக்டைக் கைமாற்றுவார்கள், அப்ரைசலில் "இந்த வருஷம் பாதி நாள் நீங்க இல்லையே" என்பார்கள். இருந்த பாதியில் என்ன செய்தீர்கள் என்பதை எழுதி வைத்துக்கொண்டு போங்கள். நான் லீவில் போவதற்கு முன்பே அதுவரை முடித்த வேலையை ஒரு பக்கத்தில் எழுதி மேனேஜருக்கு அனுப்பியிருந்தேன். அப்ரைசல் நேரத்தில் அந்த மெயில்தான் கைகொடுத்தது.

உடம்பும் உடனே சொன்னபடி கேட்காது. முடி கொட்டும், இடுப்பு வலிக்கும், மதியம் மூன்று மணிக்குக் கண் சொக்கும். ஆனால் வாரக்கணக்கில் எதிலும் மனம் ஒட்டாமல், காரணமில்லாமல் அழுகை வந்துகொண்டே இருந்தால் அதைச் சோர்வு என்று ஒதுக்காதீர்கள். மருத்துவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

முதல் போன் யாருக்கு?

பிறகு பிள்ளையைக் காப்பகத்தில் சேர்த்தோம். சேர்க்கும்போது ஒரு படிவம் கொடுப்பார்கள். அவசரத் தொடர்பு எண் என்ற இடத்தில் முதலில் "அம்மா" என்று அச்சடித்தே இருக்கும். நான் அதை அடித்துவிட்டு அவர் எண்ணை மேலே எழுதினேன். பார்த்துக்கொண்டிருந்த அம்மணி, "மேடம், அப்பாங்க போன் எடுக்க மாட்டாங்களே" என்றார். "இவர் எடுப்பார்" என்றேன். எடுத்தார். ஒரு தடுப்பூசி போட்ட பிறகு காய்ச்சல் அடித்தபோது அழைப்பு அவருக்குத்தான் போனது. அவருக்கு மருந்தின் பெயர், அளவு, பிள்ளையின் எடை மூன்றும் தெரியும். எனக்கு ஆடிட் நடந்துகொண்டிருந்தது. மாலையில் வீட்டுக்கு வந்துதான் எனக்கே தெரியும்.

இந்த நிலைமை நல்ல மனிதரைக் கட்டிக்கொண்டதால் மட்டும் வருவதில்லை. நல்ல மனிதர்கள் ஏராளம் பேர் பிள்ளைக்கு டயப்பர் மாற்றத் தெரியாமல் இருக்கிறார்கள். வீட்டில் வேறு பெரியவர் இல்லாமல், கேட்க ஆள் இல்லாமல், நாள் முழுக்கப் பிள்ளையோடு சில நாட்கள் இருந்தால் யாருக்கும் வந்துவிடும். நமக்கும் அப்படித்தான் வந்தது, பிறக்கும்போதே யாரும் கற்றுக்கொண்டு வரவில்லை.

எல்லாருக்கும் இது நடக்குமா?

நடக்காது. கணவர் லாரி ஓட்டுகிறவராக இருக்கலாம், துபாயில் இருக்கலாம், நாள்கூலிக்குப் போகிறவராக இருக்கலாம். தனியாகப் பிள்ளை வளர்க்கிறவர்களும் இருக்கிறார்கள். சிசேரியனில் சிக்கலாகி, தாய்வீட்டில் உதவிக்கு ஆளில்லாமல் இருந்தால் அவர் பிரசவ நேரத்தில்தான் கூட இருந்தாக வேண்டும், அப்போது இந்த யோசனையை மறந்துவிடுங்கள். தாய்வீடு போகாமல் சென்னையிலேயே தனியாகப் பிரசவம் பார்க்கிறவர்களுக்கும் கணக்கு வேறு. லீவைப் பாதிப் பாதியாகப் பிரிக்கலாம்.

அப்பா லீவே இல்லாத கம்பெனி என்றால் ஈட்டிய விடுப்பு இருக்கிறது. அதையும் கேட்க முடியாவிட்டால், நீங்கள் சேர்கிற முதல் இரண்டு வாரம் அவர் அரை நாள், வார விடுமுறை மாற்றம், ஷிப்ட் மாற்றம் எதையாவது கேட்டுப் பார்க்கட்டும். காவல்துறைக்கே இந்த விஷயம் புரிந்திருக்கிறது. பேறுகால விடுப்பு முடிந்து திரும்பும் பெண் காவலர்களுக்கு மூன்று வருடம் பெற்றோரோ கணவர் வீட்டாரோ இருக்கும் மாவட்டத்தில் பணி வழங்கப்படும் என்று 2024 ஆகஸ்டில் தமிழக முதல்வர் அறிவித்தார். திரும்பி வருகிற காலம்தான் கடினம் என்பதை ஒப்புக்கொண்ட அறிவிப்பு அது. ஆனால் அதிலும் பிள்ளையைப் பார்க்கப் போவது பாட்டிதான் என்று எழுதாமல் எழுதியிருக்கிறது.

உங்களில் யாராவது எச்ஆரில் இருந்தால், உங்கள் கொள்கையில் "பிறந்து 30 நாளுக்குள் எடுக்க வேண்டும்" போன்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். அதை ஒரு வருடம் என்று மாற்றுங்கள். கூடுதலாக ஒரு நாள் சம்பளம்கூடச் செலவாகாது.

இதைப் படிக்கிறவர் கர்ப்பமாக இருந்தால், இன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டுக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். உங்க கம்பெனியில அப்பா லீவு எத்தனை நாள்? அதை எப்போதுக்குள்ள எடுக்கணும்? இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் பதில் தெரியாது. நாளைக்கே எச்ஆருக்கு மெயில் போட்டுக் கேட்டு வரச் சொல்லுங்கள். வந்த பதிலை வைத்து, உங்கள் ரீஜாயின் தேதிக்குப் பக்கத்தில் அவருடைய லீவைக் காலண்டரில் எழுதிவிடுங்கள். வளைகாப்புக்குப் புடவை எடுப்பதற்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை இது.